எழுதினது உள்ளே, பிறந்தது வெளியே

“வாய்விட்டு வாசிங்க தம்பி. மனசுக்குள்ள வாசிச்சா எனக்கு எப்படிக் கேக்கும்?”

சல்லடை அக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. வேலையில் சேர்ந்த புதிதில், நான் எழுதிய முதல் கணினி நிரலை, எல்லோர் நிரலும் சேரும் அலுவலகத்தின் பொதுக் கிடங்கில் சேர்க்கப் போனபோது என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். மூக்குக்கண்ணாடி தலைமேல், கையில் பாதி கடித்த ஆப்பிள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டமளிப்பு அங்கியோடு நான் நிற்கும் படத்தை, வீட்டுக்குள் நுழைகிற எவர் கண்ணுக்கும் தப்பாத இடத்தில் அப்பா மாட்டி வைத்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட என்னை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் காது சுடாதா? சுட்டது. ஆனாலும் வாசித்தேன். திரையில் வரிசையாக நின்ற கோப்புப் பெயர்களை நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரே கேள்வியைக் கேட்டார்.

“இது எழுதினதா, பிறந்ததா?”

எழுதினது என்றால் நாங்கள் விரலால் தட்டி எழுதிய நிரல். பிறந்தது என்றால் அந்த நிரலைக் கம்பைல் செய்யும்போது, அதாவது மெஷின் மொழிக்கு மாற்றும்போது, மெஷின் தானாக ஈன்று போடும் கோப்பு. அதைத் திறந்து பார்த்தால் மனிதக் கண்ணுக்குப் பூச்சி ஊர்ந்த தடம் மாதிரி இருக்கும். மெஷினுக்கு மட்டும் புரியும். ஆங்கிலம் கலந்து பேசும் நாங்கள் அதைப் பைனரி என்போம். சல்லடைக்கு அது ‘பிறந்தது’தான். அவருடைய சட்டம் ஒரே வரி: “எழுதினது உள்ள, பிறந்தது வெளிய.”

என் வரிசையின் நடுவில் ஒரு பெயர் வந்ததும் ஆப்பிளைக் கடிப்பதை நிறுத்தினார். “இது பிறந்தது. எடுங்க.” எடுத்தேன். மறுபடி கடிக்க ஆரம்பித்து, அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார். பெயர் என்ன, ஊர் என்ன என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

சல்லடை என்று பெயர் வைத்தவர் மீசை. மீசையின் மீசையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு, எங்கள் அறையில் அவரும் ஒரு நிரலாளர், சல்லடையைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் சல்லடையைத் “தாயே” என்றுதான் கூப்பிடுவார் என்பது போதும். கிடங்குக்குள் எவையெல்லாம் வரக் கூடாது என்று சொல்லும் சின்னக் கோப்பு ஒன்று உண்டு. அதில் பெயர் எழுதிவிட்டால் அந்தப் பெயருள்ள எதுவும் கிடங்குக்குள் நுழையாது. சல்லடையில் கல் தங்குவதுபோல வெளியிலேயே தங்கிவிடும். அந்தக் கோப்பைப் பார்த்துக்கொள்வது இன்னார் வேலை என்று யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. பெருக்கித் துடைக்கத் தெரிந்த கைக்குத் துடைப்பம் தானாக வந்து சேருமே, அப்படி அது அவரிடம் வந்து சேர்ந்தது. “நீங்களே ஒரு சல்லடை தாயே, உங்களுக்கு எதுக்கு இன்னொண்ணு?” என்று மீசை ஒருநாள் கேட்க, பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்குக் கோபமில்லை. “உரல்னு வைக்காம விட்டீங்களே,” என்றார்.

ஆள் குள்ளம். நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படாது. அதனால் செருப்பை மேசைக்கு அடியில் கழற்றிவிட்டு ஒரு பழைய அட்டைப்பெட்டியின் மேல் காலை வைத்திருப்பார். பழத்தில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரை உரித்துப் புறங்கையில் ஒட்டிக்கொள்வார். மாலை வீட்டுக்குப் போகும்போது புறங்கையைப் பார்த்தால் அன்று என்ன சாப்பிட்டார் என்று தெரிந்துவிடும். திரையோடு பேசுவார். “வா வா வா… எங்க போற? அங்க கதவு இல்ல.” நிரல் சொன்னபடி கேட்டுவிட்டால் மேசையை இரண்டு தட்டு தட்டுவார், மாட்டைத் தட்டிக் கொடுப்பதுபோல.

இப்படிப்பட்டவரின் வீடு துடைத்து வைத்தாற்போல இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் ஒரு விடுமுறை நாளில் போனேன். உட்கார இடமில்லை. அவருடைய கணவர் ரிப்பேர்காரர். மின்விசிறி, ரேடியோ, இஸ்திரிப் பெட்டி, ஊரார் தூக்கிப் போட்டது எல்லாம் அவர் கையில் மறுபிறவி எடுக்கும். அல்லது எடுக்கக் காத்திருக்கும். கூடத்தில் ஒரு சோபா இருப்பதாகச் சொன்னார்கள். அதன்மேல் கழற்றிய துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று படுத்திருந்தது. பள்ளிக்கூடம் போகும் மகள், ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் கூட்டை மேசையாக்கி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“அங்க ஒருத்தர ஒரு தூசி கொண்டுவர விட மாட்டேங்கறீங்க, இங்க…” என்று இழுத்தேன்.

“இங்க தோத்துட்டேன் தம்பி. அதான் அங்க ஜெயிச்சுக்கறேன்.”

கணவர் ஒரு ரேடியோவின் வயிற்றிலிருந்து தலையைத் தூக்கி, “ம்?” என்றார். “உங்கள இல்ல, நீங்க பாருங்க,” என்றார் சல்லடை. தலை மறுபடி உள்ளே போயிற்று.

எங்கள் தொழிலைச் சொல்லாமல் மேலே போனால் புரியாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைத்துக் காப்பாற்றும் கண்ணாடித் தொட்டில் இருக்கிறதே, அதற்குள் சூடு கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்ளும் நிரலை எழுதுவது எங்கள் வேலை. குழந்தையின் வயிற்றில் பொட்டு அளவுக்கு ஒரு சென்சாரை ஒட்டுவார்கள். குழந்தையின் உடம்புச் சூட்டை அது சொல்லும். அதைக் கேட்டு நிரல் ஹீட்டரை ஏற்றும், இறக்கும். கீழ்த்தளத்தில் புதுத் தொட்டில்கள் வரிசையாக நிற்கும். குழந்தைக்குப் பதில் ஒரு தண்ணீர்ப் பையைப் படுக்கவைத்து அதன்மேல் சென்சாரை ஒட்டிச் சோதிப்போம். நிரலைச் சோதிக்க மேலே தனியாக ஒரு மெஷின் உண்டு. நாங்கள் எழுதிவைத்த டெஸ்டுகளை அது வரிசையாக ஓட்டும். எல்லாம் சரியென்றால் திரையில் பச்சை, ஒன்று தவறினாலும் சிவப்பு.

இந்த டெஸ்டுகளும் நிரல்கள்தான்; கம்பைல் செய்தால் இவையும் பிறக்கும். சல்லடைக்கு இருக்கிற பயமெல்லாம் இவற்றின்மேல்தான். மற்றக் கோப்புகளுக்குப் பெயரின் கடைசியில் புள்ளி வைத்து ஒரு வால் இருக்கும். இன்ன வால் உள்ளது வராதே என்று ஒரே வரியில் தடுத்துவிடலாம். கம்பைல் ஆன டெஸ்டுக்கு எங்கள் மெஷின்களில் வால் கிடையாது. அதனால் புதிதாக ஒரு டெஸ்ட் எழுதும்போதெல்லாம் அதன் பெயரைத் தனியாகச் சல்லடைக் கோப்பில் சேர்த்தாக வேண்டும்.

“ஒரு சின்னக் கோப்பு தாயே. உள்ள வந்து ஓரமா உக்காந்துட்டுப் போகட்டுமே. சோறா கேக்கப்போவுது?” இது மீசை.

“தையற்கடைக்குப் போயிருக்கீங்களா?”

“மீசைக்கு இல்ல, சட்டைக்குப் போயிருக்கேன்.”

“அவரு அட்டையில உங்க அளவ வெட்டி வச்சிருப்பாரு. அட்டைதான் எழுதினது. அதை வச்சுத் தைச்ச சட்டை, பிறந்தது. அடுத்த வருஷம் உங்க தொப்பை வளந்துடுச்சு…”

“தொப்பைய ஏன் இழுக்கறீங்க?”

“அது தானா வருது, நான் எங்க இழுத்தேன்? அட்டையத் திருத்தி வெட்டறாரு. ஆனா பழைய சட்டை ஆணியில தொங்கிட்டிருக்கு. கடைப்பையன் அதை எடுத்து யாருக்கோ போட்டுப் பாத்து, ‘அண்ணே, சரியா இருக்கு’ங்கறான். எது சரியா இருக்கு? பழைய சட்டை பழைய உடம்புக்குச் சரியா இருக்கு. புது அட்டைய யாரும் தைச்சே பாக்கல.”

மீசை தன் வயிற்றைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மருத்துவமனைக்கு ஒரு புது நிரல் போவதற்கு முன்னால், எல்லாம் பச்சையாக இருந்தாலும் சல்லடை சும்மா இருக்கமாட்டார். நல்ல நிரலில் வேண்டுமென்றே ஒரு வரியைக் கெடுத்துவிட்டு டெஸ்டை ஓட்டுவார். சிவப்பு வர வேண்டும். வந்தால் கெடுத்ததைச் சரிசெய்துவிட்டு எழுந்துவிடுவார். இதற்கு அவர் வைத்த பெயர் கிள்ளிப் பார்ப்பது. “கிள்ளினா அழணும். அழலைன்னா அது தூங்கல, வேற என்னவோ.”

எங்கள் மேனேஜர் கெட்டவரல்லர். ஆனால் அவருக்கு நேரம் என்பது உடம்பின் ஓர் உறுப்பு. யாராவது அதைத் தொட்டால் வலிக்கும். வாய்விட்டு வாசிக்கிற வழக்கத்தைக் கண்டாலே, “நாம கம்பெனி நடத்துறோமா, பள்ளிக்கூடம் நடத்துறோமா?” என்பார். கிள்ளுவதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அன்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள நேரமில்லாத நாள். புது நிரல் ஏற்றிய தொட்டிலை எடுத்துப்போக மருத்துவமனையிலிருந்து வண்டி வந்துவிட்டது. குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸே கூட வந்திருந்தார். வரவேற்பறையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். “வார்டு நிறைஞ்சு கிடக்கு. பழைய தொட்டில் ஒண்ணு நின்னுபோச்சு. நேத்து ஒரு குழந்தை வந்திருக்கு, உள்ளங்கை அளவு,” என்று அவர் சொன்னதை மேனேஜர் மேலே வந்து எங்களிடம் சொன்னார். சொல்லும்போது தன் உள்ளங்கையை நீட்டிக் காட்டினார்.

புது நிரலில் பெரிய மாற்றம் ஒன்றுதான். சென்சார் சொல்வதைப் படிக்கும் பகுதியை மீசை திருத்தி வேகமாக்கியிருந்தார். அந்தச் சென்சார் குழந்தையின் வயிற்றிலிருந்து கழன்றுவிட்டால் ஹீட்டரை நிறுத்தி அலாரம் அடிக்க வேண்டும். அது நடக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டைச் சில வாரங்களுக்கு முன்பே சல்லடை எழுதி வைத்துவிட்டார். மீசை திருத்திய பிறகும் அது தினமும் பச்சை காட்டியது. அன்றும் பச்சை.

சல்லடை கிள்ளினார். சென்சார் கழன்றதைக் கவனிக்கும் வரியையே கெடுத்துவிட்டு டெஸ்டை ஓட்டினார். காலை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கீழே தொங்கவிட்டார்.

“அழல,” என்றார்.

“எது அழல?” என்றார் மேனேஜர்.

“கிள்ளினேன் சார். அழல. பச்சையாவே இருக்கு.”

“பச்சையா இருந்தா நல்லதுதானே? நல்ல புள்ளைன்னு விடுங்களேன். கீழ வண்டி நிக்குது.”

“கிள்ளினா அழாத புள்ளைய எந்த டாக்டர் சார் வீட்டுக்கு அனுப்புவாரு?”

மீசை எழுந்து வந்தார். “வேற வரியக் கிள்ளிட்டீங்களோ தாயே?”

“இருங்க.” சல்லடை அந்தப் பகுதி முழுவதையும் வெறுமையாக்கினார். சென்சாரைக் கேட்பதற்கு அதில் இப்போது ஒரு வரிகூட இல்லை. ஓட்டினார். பச்சை.

“ஆளையே தூக்கிட்டேன். இன்னும் சிரிச்சிட்டிருக்கு.”

மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்கக் கையைத் தூக்கினார், பார்க்காமலே இறக்கினார். அந்தப் பச்சை எங்கள் நிரலைப் பற்றியதே இல்லை என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அப்படியென்றால் இந்த வாரங்களில் நாங்கள் பார்த்த பச்சையெல்லாம் எதைப் பற்றியது?

“தம்பி, சோதனை மெஷின்ல அந்த ஃபோல்டரத் திறந்து, உள்ள இருக்கறத வாசிங்க.”

வாசித்தேன். வாலுள்ள பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. நடுவில் ஒன்று, சென்சார் டெஸ்டின் பெயரில், வால் இல்லாமல். அதை மட்டும் இன்னொரு தடவை வாசித்தேன்.

“இது எழுதினதா, பிறந்ததா?” என்று கேட்டார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

“பிறந்தது அக்கா. கிடங்குலேருந்தே வந்திருக்கு.”

விஷயம் இதுதான். சோதனை மெஷின் ஒவ்வொரு தடவையும் கிடங்கில் இருப்பதையெல்லாம் புதிதாக இறக்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். இறக்கும்போது எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே நேரத்து முத்திரை விழுந்துவிடும். கம்பைல் செய்யப் போகும்போது, அட, பிறந்தது ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே, நிரலைவிட அது பழையதாகவும் தெரியவில்லையே, மறுபடி எதற்குக் கம்பைல் செய்வது என்று அதையே எடுத்து ஓட்டிவிடும். மீசை நிரலை மாற்றுவதற்கு முன்னால் கம்பைல் ஆன பழைய டெஸ்ட், பழைய நிரலைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, தினமும் ‘எல்லாம் சரி’ என்று சொல்லிக்கொண்டிருந்தது.

“யாரு கொண்டுவந்தது?” என்றார் மேனேஜர். எதை யார் எப்போது சேர்த்தார்கள் என்பது கிடங்கிலேயே இருக்கும். திறந்து பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரையை மூடிவிடலாமா என்று தோன்றியது.

“வாய்விட்டு வாசிங்க தம்பி,” என்றார் சல்லடை.

“அக்கா… நீங்கதான்.”

தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டார். நாற்காலியைக் காலால் உந்தி என் மேசைக்கு வந்தார். பார்த்தார். “ஆமா,” என்றார். “நான்தான்.”

மீசை இந்த ஒரு நாளுக்காக எத்தனை வருஷம் காத்திருந்திருப்பார்! வாயைத் திறந்தார். சல்லடையின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

“பாப்பாவுக்குக் காய்ச்சல்னு வீட்டுலேருந்து வேலை செஞ்சேன் இல்ல, அன்னிக்கு,” என்றார் சல்லடை, யாரும் கேட்காமலே. “புது டெஸ்ட். சல்லடையில பேர் சேக்கணும். சேத்துட்டேன்னு நெனச்சேன். வாசிக்காம உள்ள தள்ளக் கூடாதேன்னு எங்க வீட்டுக்காரரப் பக்கத்துல உக்கார வச்சு ஒவ்வொண்ணா வாசிச்சேன். இது எழுதினதா, பிறந்ததான்னு கேட்டேன்.”

“அவரு என்ன சொன்னாரு?” என்றார் மீசை.

“ரேடியோவுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு, எல்லாத்துக்கும் ‘ம்’னாரு.”

முதலில் சிரித்தது மீசைதான். அடக்கி அடக்கி, மீசை துடிக்க. பிறகு நான். பிறகு, நம்ப மாட்டீர்கள், மேனேஜர். சல்லடை சிரிக்கவில்லை. விரல்கள் அதற்குள் விசைப்பலகையில் இருந்தன. கிள்ளியதையெல்லாம் பழையபடி சரிசெய்தார், பிறந்ததைக் கிடங்கிலிருந்து தூக்கி வெளியே போட்டார், சோதனை மெஷினை முதலிலிருந்து கம்பைல் செய்ய வைத்தார். சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. இப்போது ஓடப்போவதுதான் உண்மையான டெஸ்ட்.

சிவப்பு.

மேனேஜர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மீசையின் முகத்தில் ரத்தமில்லை. அது அவர் எழுதிய பகுதி. அந்த அறையில் ஒரே ஒரு ஆள்தான் மூச்சை விட்டார்.

“அப்பாடா,” என்றார் சல்லடை.

“என்ன மேடம் அப்பாடா? சிவப்பு அது!”

“அழுதுடுச்சு சார். உயிர் இருக்கு.”

எது தவறு என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. மீசை வேகத்துக்காகச் சுருக்கிய இடத்தில், சென்சார் கழன்றதைக் கண்டுகொள்ளும் ஒரு சரிபார்ப்பு விழுந்துபோயிருந்தது. நேரமாகிறதே என்று தலைமை நர்ஸ் அதற்குள் மாடியேறி வந்து கதவருகில் நின்று எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். மேனேஜர் எழுந்து, நாளைதான் தர முடியும் என்று ஆரம்பித்தார். நர்ஸ் அவரைத் தாண்டி சல்லடையைப் பார்த்துக் கேட்டார்.

“என்னம்மா ஆச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

“சென்சார் வயித்துலேருந்து கழண்டு படுக்கையில விழுந்துடுச்சுன்னு வைங்க. அது இப்ப குழந்தையச் சொல்லாது, காத்தச் சொல்லும். குழந்தைக்குக் குளிருதுன்னு நிரல் நெனச்சுக்கும். சூட்ட ஏத்தும். இன்னும் குளிருதேன்னு இன்னும் ஏத்தும்.”

“அலாரம்?”

“அடிக்காது.”

நர்ஸ் கைப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். “அது எங்க வார்டுல தினம் கழலும்மா,” என்றார். “உதைச்சா கழலும். வேர்த்தா கழலும். நாங்க அலாரத்த நம்பித்தான் அடுத்த குழந்தைகிட்டப் போவோம்.”

பிறகு நர்ஸ் மேனேஜரிடம் திரும்பினார். “நாளைக்கே வரேன். இன்னிக்கு அந்தப் புள்ளைய அம்மா நெஞ்சுல கட்டிவச்சுப் பாத்துக்கறோம். அதுவும் நல்ல சூடுதான்.” கதவு வரை போனவர் சல்லடையிடம் திரும்பினார். “நல்லா அழ வச்சு அனுப்பு.”

மீசையால் விசைப்பலகையில் கை வைக்க முடியவில்லை. சல்லடை தன் நாற்காலியை உருட்டிக்கொண்டுபோய் அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

“உங்க தப்பு ரெண்டு வரிதான் சார். அது வெளிய தெரியாம போர்வை போத்தி வச்சது என் தப்பு. தள்ளுங்க, நீங்க சொல்லுங்க, நான் தட்டறேன்.”

“நீங்க கிள்ளலைன்னா…” என்று மீசை தொடங்கினார்.

“அதெல்லாம் அப்புறம் அழலாம். மொதல்ல இது அழட்டும்.”

அன்று மாலைக்குள் முடிந்தது. சரியான நிரலுக்குப் பச்சை. சல்லடை கிள்ளினார், சிவப்பு. வேறோர் இடத்தில் கிள்ளினார், சிவப்பு. மீசை கேட்டு வாங்கித் தானும் ஒரு கிள்ளு கிள்ளினார், சிவப்பைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்ன அருமையா அழுவுது!” என்றார். மறுநாள் காலையில் கீழ்த்தளத்தில் தொட்டிலையும் கையால் சோதித்துவிட்டுத்தான் கொடுத்தோம். நர்ஸ் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போனார்.

அதற்குப் பிறகு சல்லடை செய்த முதல் வேலை, தன் வேலையைக் காலி செய்ததுதான். டெஸ்டுகள் கம்பைல் ஆகிப் பிறக்கிற இடத்தையே மாற்றினார். இனி எல்லாம் ஒரே தனி ஃபோல்டரில்தான் போய் விழும். அந்த ஃபோல்டர் முழுவதும் கிடங்குக்கு வெளியே. பெயர் பெயராகச் சேர்க்கிற சங்கதியே இல்லை. அதையும் மீறி யாராவது பிறந்தது ஒன்றைக் கொண்டுபோனால், கிடங்கே பார்த்துவிட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். “இவ்வளவு நாளா என் ஞாபகம்தான் கதவா இருந்திருக்கு,” என்றார். “காய்ச்சல் வந்தா மறந்துபோற கதவு. நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல.” புதுக் கதவு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, பிறந்தது ஒன்றைத் திருட்டுத்தனமாக உள்ளே தள்ளப் பார்த்தார். கிடங்கு முகத்தில் அடித்தாற்போல மறுத்தது. மேசையை இரண்டு தட்டு தட்டினார்.

ஒரு வாரம் எங்களுக்கெல்லாம் என்னவோ போலிருந்தது. நாற்காலிக்குப் பின்னால் ஆப்பிள் கடிக்கும் சத்தம் இல்லை. மீசை பழக்க தோஷத்தில் தனக்குத்தானே வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் அந்தப் பக்கம் போகும்போது நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். சல்லடை மட்டும் முன்னைவிட லேசாக இருந்தார். மாலையானால் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் கிளம்பிவிடுகிறார். வீட்டில் சோபாவில் பாதியை மீட்டுவிட்டதாகக் கேள்வி. கணவரிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்லல தம்பி. எது கேட்டாலும் ‘ம்’ங்கறத மட்டும் நிறுத்தச் சொன்னேன். ‘ம்’னாரு.”

அந்த முதல் தொட்டில் வார்டில் இருக்கிறது. உள்ளங்கை அளவாக வந்த குழந்தை அதில் எடை கூடி, வீட்டுக்கும் போய்விட்டதாம். நர்ஸ் தொலைபேசியில் சொன்னார். அவர்களுக்கு இன்னும் தொட்டில்கள் வேண்டுமாம். இதை எழுதும் இந்த மாலையில் சல்லடை வீட்டுக்குக் கிளம்பாமல் கீழ்த்தளத்தில் இருக்கிறார். அடுத்த தொட்டில் கிளம்பத் தயாராக நிற்கிறது. சற்று முன் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தண்ணீர்ப் பையின் மேலிருந்த சென்சாரைப் பிடுங்கிப் படுக்கையில் போட்டார். அலாரம் தளம் முழுக்க அலறியது. ஹீட்டரின் விளக்கு அணைந்தது. அலாரத்தை நிறுத்தச் சொல்லி யாரோ அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்கள். அவர் தண்ணீர்ப் பையை நகர்த்திவிட்டு, குழந்தை படுக்கிற இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தார். கண்ணாடிக்குள் கையை விட்டபடியே நின்றார். படுக்கையின் சூடு இறங்கி அடங்கும் வரை கையை எடுக்கவில்லை.